அகதி ஜோக் சொன்னா நமக்கு ஏன் உறுத்துது?

வெளிநாடு போன தமிழனைப் பத்தி நமக்குத் தெரிஞ்ச கதை மொத்தம் ரெண்டுதான். ஒண்ணு சீனியர் அண்ணன் கதை. ஏர்போர்ட் வாசல்ல குடும்பத்தோட ஒரு போட்டோ, ரெண்டு பெரிய பெட்டி, அடுத்த வாரமே பனியில நின்னு இன்னொரு போட்டோ. இன்னொண்ணு அகதிக் கதை. படகு, குண்டு, கண்ணீர், பின்னணியில சோகமா ஒரு புல்லாங்குழல். முதல் கதைக்கு லைக் போடுவோம். ரெண்டாவதுக்கு "பாவம்"னு சொல்லிட்டு அடுத்த வீடியோவுக்குப் போயிடுவோம்.

படிக்கும்போது சிரிப்பு வர்ற மாதிரி, சிரிச்ச பிறகு "இதுக்கா சிரிச்சோம்"னு உறுத்தற மாதிரி மூணாவதா ஒரு கதை தமிழ்ல இருக்கு. அதைப் படிங்கன்னு, குறிப்பா ஃபைனல் இயர் மக்களைப் பார்த்துச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நாவல் பெயர் 'கொரில்லா'. எழுதியவர் ஷோபாசக்தி. 2001-ல் வெளிவந்தது. ரொம்பப் பெரிய புத்தகம் இல்லை. செமஸ்டர் லீவுல ஒரு வார இறுதி போதும்.

பெயரிலேயே விளையாட்டு ஆரம்பிச்சிடுது. காட்டுல இருக்கற குரங்கையும் கொரில்லான்னுதான் சொல்றோம். மறைஞ்சு தாக்கற போராளியையும் பேச்சு வழக்குல கொரில்லான்னுதான் சொல்றோம். தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே எழுத்து. நாவல்ல கொரில்லாங்கறது முதல்ல ஒரு அப்பாவோட பட்டப்பெயர். ஊர்ல அடிதடிக்குப் பேர்போன ஆள். மகன் ரொக்கிராஜ் இயக்கத்துல சேர்ந்து போராளி ஆகப் பார்க்கறான். ஆனா அப்பாவோட பட்டப்பெயர் விடாம துரத்துது. ஒரு தலைமுறையோட வீரம், அவமானம் ரெண்டையும் ஒரே சொல்லுக்குள்ள அடைச்சு வச்சிருக்கார் மனுஷன்.

ஷோபாசக்தி 1967-ல் யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துல அல்லைப்பிட்டியில பிறந்தவர். பதின்ம வயசுல விடுதலைப் புலிகள் இயக்கத்துல சேர்ந்து, சில வருஷத்துல வெளியே வந்தவர். ஹாங்காங், தாய்லாந்துன்னு சுத்தி 1993-ல் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். 2015-ல் கான் பட விழாவுல தங்கப் பனை விருது வாங்குன 'தீபன்' படத்தோட கதாநாயகனும் இவர்தான். அதுல ஒரு காட்சி மறக்காது. நேத்துவரைக்கும் துப்பாக்கி பிடிச்சவன், பாரிஸ் ராத்திரியில தலையில லைட் மினுக்கற பேண்டை மாட்டிக்கிட்டு பொம்மை விக்கறான். நம்ம ஊர்ல பௌர்ணமி அன்னிக்கு கிரிவலப் பாதையில குழந்தைங்க கேட்டு அழுமே, அதே மாதிரி சாமான்தான். பார்த்தா சிரிப்பு வருது. ஒரு செகண்ட் கழிச்சு, அந்த லைட்டுக்குக் கீழ இருக்கற முகம் தெரியுது. இவர் எழுதுறதும் இப்படித்தான் வேலை செய்யும்.

இப்ப நாவலுக்கு வருவோம். அது எப்படி ஆரம்பிக்குது தெரியுமா? ஒரு மனுவோட. பிரான்ஸ்ல அகதியா ஏத்துக்கோங்கன்னு ஒருத்தன் அலுவலகத்துக்கு எழுதற விண்ணப்பம். ஐயா, நான் இன்ன ஊர், இன்ன தேதியில இப்படி அடிபட்டேன், இன்ன தேதியில இப்படி ஓடினேன்னு வாழ்க்கையையே வரிசையா அடுக்கணும். உயிர் போற சமாச்சாரம்தான். ஆனா எழுதற தொனி அரசாங்க மனு. அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளியிலதான் சிரிப்பு பிறக்குது.

இது நமக்குப் புரியாத விஷயமே இல்லை. எம்.எஸ் அப்ளை பண்றவங்க இப்ப என்ன பண்ணிட்டு இருக்கோம்? எஸ்.ஓ.பி எழுதிட்டு இருக்கோம். "சிறுவயதிலிருந்தே எனக்கு இயந்திரங்கள் மீது தீராத ஆர்வம்"னு ஆரம்பிச்சு, அஞ்சாங்கிளாஸ்ல மிக்ஸியைக் கழட்டினதைப் பெரிய ஆராய்ச்சி மாதிரி ஆக்கி, அரியர் வச்ச செமஸ்டரை நாசூக்கா மறைச்சு, முகம் தெரியாத ஒரு அதிகாரிக்குப் பிடிக்கற மாதிரி நம்ம வாழ்க்கையைத் திருத்தி எழுதறோம். அகதியும் அதேதான் பண்றான். வித்தியாசம் ஒண்ணுதான். நம்ம கதை நம்பும்படியா இல்லைன்னா அடுத்த வருஷம் திரும்ப அப்ளை பண்ணலாம். அவன் கதை நம்பும்படியா இல்லைன்னா, எந்த இடத்துல இருந்து ஓடி வந்தானோ அங்கேயே திருப்பி அனுப்பிடலாம். அதுலயும் கொடுமை என்னன்னா, நிஜத்துல நடந்தது பல நேரம் நம்பும்படியாவே இருக்காது. உண்மையைச் சொல்ற ஆளு, அது உண்மை மாதிரி கேக்கணுமேன்னு மெனக்கெடணும். இதைவிட இருட்டான காமெடி உண்டா?

இந்த இடத்துல ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். "இத்தனை பேர் செத்த விஷயத்துல காமெடி என்ன வேண்டிக்கிடக்கு? இது அவமரியாதை இல்லையா?"

என் பதில் இது. சிரிப்பு யார் மேல விழுதுன்னு பாருங்க. நம்ம பழைய சினிமா காமெடியில திக்குவாய், குண்டா இருக்கறவங்க, கறுப்பா இருக்கறவங்கன்னு கீழே கிடக்கறவன் மேலயே சிரிப்பு விழும். அது கேவலம். 'கொரில்லா'வுல சிரிப்பு விழறது படிவத்து மேல, வீரவசனத்து மேல, துப்பாக்கி கையில வந்ததும் ஆளே மாறிப்போற பெரிய மனுஷங்க மேல. எல்லாத்துக்கும் மேல, கதை சொல்றவன் மேலயே விழுது. தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிஞ்சவனை நம்மால "பாவம்"னு சொல்லி ஓரங்கட்ட முடியாது. அவன் நமக்குச் சமமா உட்கார்ந்து பேசறான்.

நமக்கு உறுத்தறதே அதுதான்னு நினைக்கிறேன். "பாவம்"னு சொல்றது சௌகரியம். சொல்றவன் திண்ணையில இருப்பான், கேக்கறவன் தெருவுல நிப்பான். அகதி அழுதா நாம கொடுக்கற இடத்துல இருக்கோம். அகதி கிண்டல் பண்ணா, அந்தக் கிண்டல்ல நாமளும் மாட்டுவோமோன்னு பயம் வருது. மாட்டத்தான் செய்யறோம்.

இவர் மேல இன்னொரு கோபமும் உண்டு. இயக்கத்தை விமர்சனம் பண்றார், எதிரிக்கு வசதி பண்ணிக் கொடுக்கறார்னு சொல்றவங்க தமிழ்நாட்டுலயும் நிறைய. அதுக்கு இவர் பண்ண வேலையைப் பாருங்க, ஒரு சிறுகதைத் தொகுப்புக்குத் 'தேசத்துரோகி'ன்னே பெயர் வச்சிட்டார். அவர் அரசியலோட நீங்க முழுசா ஒத்துப்போகணும்னு நான் சொல்லலை. ஒத்துப்போகாமலே படிக்கலாம். ஆனா உள்ள இருந்து அனுபவிச்ச ஒருத்தர் சொல்றதை, இங்க பத்திரமா உட்கார்ந்து ரீல்ஸ் பார்க்கற நாம "நீ இப்படிச் சொல்லக் கூடாது"ன்னு தடுக்கறது மட்டும் எனக்குச் சரியாப் படலை.

இப்படிச் சிரிக்கறது தமிழனுக்கு மட்டும் வந்த வியாதியும் இல்லை. அயர்லாந்துக்காரங்க தலைமுறை தலைமுறையா ஊரை விட்டுப் போனவங்க. 1840-கள்ல உருளைக்கிழங்குப் பயிர் அழுகிப் பஞ்சம் வந்தப்ப சுமார் 10 லட்சம் பேர் செத்து, இன்னொரு 10 லட்சம் பேர் கப்பலேறினாங்க. அந்த நாட்டுல இருந்து வந்த சாமுவேல் பெக்கெட், 1938-ல் 'மர்ஃபி'ன்னு ஒரு நாவல் எழுதினார். லண்டன்ல இருக்கற ஒரு அயர்லாந்துக்காரன். வேலைக்குப் போகப் பிடிக்காது. ஆடற நாற்காலியில தன்னைத்தானே கட்டிப்போட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பான். கடைசியில மனநல மருத்துவமனையில வேலைக்குச் சேர்ந்து, வெளியே இருக்கறவங்களைவிட உள்ளே இருக்கறவங்கதான் நிம்மதியா இருக்காங்கன்னு நினைப்பான். பெக்கெட்டும் அப்புறம் பாரிஸ்லயே தங்கி, பிரெஞ்சுலயே எழுதி, 1989-ல் அங்கேயே இறந்தார். அவர் போய் நாலு வருஷத்துல அதே நகரத்துக்கு அல்லைப்பிட்டிக்காரர் ஒருத்தர் வந்து இறங்கறார். ரெண்டு பேரும் ஊரை விட்ட காரணம் வேற, பட்ட கஷ்டமும் வேற. ஆனா பெரிய நகரத்துல புதுசா வந்து நிக்கறவனுக்கு ஒண்ணு மட்டும் பளிச்சுனு தெரியும். அந்த ஊர்க்காரன் இயல்புன்னு நினைக்கற விதியெல்லாம் எவ்வளவு விசித்திரம்னு. அந்தப் பார்வையிலதான் ரெண்டு பேரோட சிரிப்பும் இருக்கு.

சரி, பாரிஸ், லண்டன் எல்லாம் போதும். திருவண்ணாமலைக்கு வாங்க.

நம்ம ஊரே வெளியூர்க்காரங்களால நிறைஞ்ச ஊர். 1896-ல் மதுரையில வீட்டை விட்டுக் கிளம்பி வந்த 16 வயசுப் பையன்தான் பின்னாடி ரமண மகரிஷி. அவரைத் தேடி வந்தவங்க, அவர் போன பிறகும் வந்துட்டே இருக்கறவங்கன்னு செங்கம் ரோட்டுல நடந்தா எத்தனை நாட்டு முகம்! அவங்க எதுக்கு வந்தாங்கன்னு நாம சந்தேகப்படறதில்லை. "சாமி தேடி வந்திருக்காங்க"ன்னு டீக்கடையில தள்ளி உட்கார்ந்து இடம் கொடுக்கறோம்.

இதே மாவட்டத்துல இலங்கைத் தமிழர் முகாமும் இருக்கு. 1983-க்குப் பிறகு ராமேஸ்வரம் கரையில வந்து இறங்கினவங்களும் அவங்க பிள்ளைங்களும், தமிழ்நாடு முழுக்க நூறுக்கும் மேற்பட்ட முகாம்கள்ல இருக்காங்க. நம்ம மொழி, நம்ம சாமி, நம்ம சாப்பாடு. ஆனா முகாம் பக்கம் ஒரு தடவையாவது போனவங்க நம்ம வகுப்புல எத்தனை பேர்?

ஷோபாசக்தி நாவல்ல வர்றவனுக்கு எழுதறதுக்கு ஒரு மனுவாவது இருந்தது. 1951-ம் வருஷத்து அகதிகள் உடன்படிக்கையில பிரான்ஸ் கையெழுத்துப் போட்ட நாடு. இந்தியா அதுல கையெழுத்துப் போடலை. அகதிகளுக்குன்னு நம்ம நாட்டுல தனிச் சட்டமும் கிடையாது. ஆக, இங்க இருக்கறவங்களுக்கு அந்த மாதிரி நிரப்ப ஒரு சட்டப் படிவம்கூட இல்லை.

குடியுரிமை விதியைப் படிச்சா ஷோபாசக்தியே எழுதின மாதிரி இருக்கும். 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இந்திய மண்ணுல பிறந்தா, பிறப்பாலேயே குடியுரிமை. அன்னிக்கோ அதுக்கப்புறமோ பிறந்தா, அப்பா அம்மாவுல ஒருத்தராவது இந்தியக் குடிமகனா இருக்கணும். 2004 டிசம்பர்ல அது இன்னும் இறுகிடுச்சு. யோசிச்சுப் பாருங்க. ஒரே முகாம், பக்கத்துப் பக்கத்து வீடு. ஜூன் 30 ராத்திரி பிறந்த குழந்தை இந்தியன். மறுநாள் காலையில பிறந்த குழந்தை அயல்நாட்டவன். முதல் வகையில வந்த ஒரு பெண், 1986-ல் மண்டபம் முகாம்ல பிறந்தவர், நீதிமன்றம் வரைக்கும் போய் பாஸ்போர்ட் வாங்கி, 2024 தேர்தல்ல முதல் தடவையா ஓட்டுப் போட்டார். அப்ப அவருக்கு 38 வயசு. 2019-ல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்துல பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் பெயர் இருக்கு. இலங்கை இல்லை. 2021-ல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்'ங்கற பெயரை 'மறுவாழ்வு முகாம்'னு மாத்தினது. நல்ல மனசோட பண்ணதுதான், வீடு கட்டிக் கொடுக்கற திட்டமும் கூடவே வந்தது. ஆனா போர்டு மாறின அளவுக்கு பாஸ்போர்ட் விஷயம் மாறலை.

நம்ம வயசுல முகாம்ல பிறந்து வளர்ந்த ஒருத்தரை நினைச்சுக்கோங்க. இலங்கையைப் பார்த்ததே இல்லை. பேசறது பாதி யாழ்ப்பாணம், பாதி நம்ம ஊர். அதே கேட், அதே தெர்மோடைனமிக்ஸ். நாம ஜெர்மனியா கனடாவான்னு குழம்பிட்டு இருக்கோம். அவரைப் பார்த்து நாம "வெளிநாட்டுக்காரர்"னு சொல்றோம். ஆனா வெளிநாடு போக இந்தியப் பாஸ்போர்ட் கிடைக்காதது அவருக்குத்தான்.

இதுக்கு ஒரு சோக வீடியோ போட்டா நாம ரெண்டு நாள் ஷேர் பண்ணுவோம். 'கொரில்லா' மாதிரி ஒரு புத்தகம் வேற வேலை செய்யும். விதி எவ்வளவு அபத்தம்னு காட்டி நம்மளைச் சிரிக்க வைக்கும். அபத்தம்னு ஒரு தடவை தெரிஞ்சுட்டா, அப்புறம் அது "அவங்க தலையெழுத்து"ன்னு தோணாது. மனுஷன் எழுதின விதி, மனுஷன் மாத்தலாம்னு தோணும். அதனாலதான் அழுகையைவிட இந்தச் சிரிப்பை நான் பெருசா மதிக்கிறேன்.

படிக்கறதுக்கு ஒரு யோசனை. ஈழத் தமிழ் முதல் பத்துப் பக்கம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், எங்களை மாதிரி இங்கிலீஷ் மீடியத்துல படிச்சவங்களுக்கு இன்னும் கொஞ்சம் அதிகமா. வாய்விட்டுப் படிங்க, காதுக்குப் பிடிபட்டுடும். அடிக்குறிப்புகளைத் தாண்டிப் போகாதீங்க, கதையில பாதி அங்கதான் நடக்குது. முடியவே இல்லைன்னா 2008-ல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கு, அதுல ஆரம்பிச்சுட்டுத் தமிழுக்கு வாங்க.

அப்புறம், முகாம்ல இருந்து வர்ற நண்பர் யாராவது கேன்டீன்ல பாஸ்போர்ட் பத்தி ஒரு ஜோக் அடிச்சா, உடனே முகத்தைச் சோகமா மாத்திக்காதீங்க. நல்ல ஜோக்கா இருந்தா சிரிங்க. சிரிச்சு முடிச்சதும், அதுல எது சட்டம், எது அவர் சேர்த்த மசாலான்னு கேளுங்க. மசாலா ரொம்பக் கம்மியாத்தான் இருக்கும்.