வெள்ளத்தில் மூழ்கிய காருக்குக் காப்புறுதி கைகொடுக்குமா?

2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா, கிள்ளான் வட்டாரங்களில் கூரை மட்டம் வரை நீரில் மூழ்கிய கார்களை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த ஆண்டு வெள்ளத்தால் நாட்டுக்கு ஏற்பட்ட மொத்த இழப்பு 610 கோடி ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை மதிப்பிட்டது. அதில் வாகன இழப்பு மட்டும் ஏறக்குறைய 100 கோடி ரிங்கிட்.

அப்போது பலரைத் திகைக்க வைத்தது வெள்ளம் மட்டுமல்ல. 'ஃபர்ஸ்ட் பார்ட்டி' என்று நாம் சொல்லும் விரிவான காப்புறுதி இருந்தும் இழப்பீடு கிடைக்காது என்ற பதிலும்தான்.

மலேசியாவில் கார் காப்புறுதி பெரும்பாலும் மூன்று வகையாக விற்கப்படுகிறது. முதலாவது, மூன்றாம் தரப்புக் காப்புறுதி. நம் கார் மோதி மற்றவருக்கு ஏற்படும் காயம், மரணம், பொருள் சேதம் ஆகியவற்றுக்கு மட்டுமே இது பணம் தரும். நம் காருக்கு ஒரு காசும் கிடைக்காது. மற்றவரின் காயம், மரணத்துக்கான காப்புறுதி இல்லாமல் வாகனத்தைச் சாலையில் ஓட்டுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம்.

இரண்டாவது வகை, இதனுடன் நம் கார் தீப்பிடித்தாலோ களவு போனாலோ இழப்பீடு தரும். மூன்றாவதான விரிவான காப்புறுதி, விபத்தில் நம் காருக்கு ஏற்படும் சேதத்தையும் ஏற்கும். வங்கிக் கடனில் வாங்கிய காருக்கு வங்கிகள் இதைத்தான் கேட்கின்றன.

ஆனால், வெள்ளம், புயல், நிலச்சரிவு போன்ற இயற்கைப் பேரிடர்கள் விரிவான காப்புறுதியில் இயல்பாகச் சேர்வதில்லை. 'சிறப்பு இடர் காப்பு' என்ற பெயரில் அதைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இதற்கான கட்டணம் பொதுவாகக் காப்புறுதித் தொகையில் 0.5 விழுக்காடு அல்லது அதற்கும் குறைவு. 30,000 ரிங்கிட் காருக்கு அது 150 ரிங்கிட்டைத் தாண்டாது. அந்தக் காப்பு இல்லாமல் கார் மூழ்கினால், ஓடாத காருக்கும் வங்கித் தவணையை மாதா மாதம் கட்ட வேண்டியிருக்கும்.

கட்டணத்தைக் குறைப்பதற்காகக் காரின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவது இன்னொரு சிக்கல். 30,000 ரிங்கிட் சந்தை மதிப்புள்ள காரை 20,000 ரிங்கிட்டுக்குக் காப்புறுதி செய்தால், 9,000 ரிங்கிட் பழுதுச் செலவில் 6,000 ரிங்கிட்தான் கிடைக்கும். மீதி 3,000 உரிமையாளரின் தலையில் விழும்.

2017 ஜூலை முதல் விரிவான காப்புறுதிக் கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயிக்கின்றன. ஒரே காருக்கு இடத்துக்கு இடம் விலை மாறுவது இதனால்தான். பழைய கார்களை நம்பி வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் மலிவான விலையைத் தேடுவது இயல்பே. ஆனால், மலிவான பத்திரத்தில் எது விடுபட்டிருக்கிறது என்பது பெரும்பாலும் கார் மூழ்கிய பிறகே தெரியவருகிறது.

சாலை வரி புதுப்பிக்கும் நாளில் முகவரிடம் "எவ்வளவு?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "வெள்ளத்துக்கு உண்டா? காரின் மதிப்பு எவ்வளவு போட்டிருக்கிறீர்கள்?" என்ற இரண்டு கேள்விகளையும் கேட்டு, பதிலைப் பத்திரத்திலேயே சரிபார்ப்பது நல்லது.