கிளவுட் சர்வர் ‘பொய்’ சொன்னால்? ரகசிய மெய்நிகர் இயந்திரங்களில் ஒரு பலவீனம்

வாட்ஸ்அப்பில் படிக்காமல் குவிந்து கிடக்கும் மெசேஜ்களை ஏஐ சுருக்கித் தரும். ஆனால், அவற்றை மெட்டா நிறுவனத்தாலேயே படிக்க முடியாது. 2025 ஏப்ரலில் ‘பிரைவேட் பிராசஸிங்’ வசதியை அறிவித்தபோது மெட்டா கொடுத்த வாக்குறுதி இது. அந்த வாக்குறுதி நிற்பது ‘கான்ஃபிடென்ஷியல் விஎம்’ எனப்படும் ரகசிய மெய்நிகர் இயந்திரத்தின் மேல். பெரிய கிளவுட் நிறுவனங்கள் எல்லாமே இப்போது இதை விற்கின்றன.

அதே 2025-ல் ஓர் ஆய்வுக் குழு, இந்த வகை இயந்திரங்களுக்குள் நுழைய ஒரு வழியைச் செய்து காட்டியது. தாக்குதலின் பெயர் ‘பேட் ஏஎம்எல்’. என்கிரிப்ஷனை உடைக்கவில்லை, பாஸ்வேர்டைத் திருடவில்லை. இயந்திரம் ஆன் ஆகும்போது அதற்குத் தரப்படும் விவரப் பட்டியலில் கை வைத்தார்கள், அவ்வளவுதான். (வாட்ஸ்அப் சர்வர்கள் உடைந்துவிட்டன என்று இதற்கு அர்த்தமில்லை.)

அது என்ன பட்டியல்?

உங்கள் லேப்டாப்பை ஆன் செய்ததும் விண்டோஸோ லினக்ஸோ முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை சில உண்டு. எத்தனை பிராசஸர் இருக்கு, எந்தச் சாதனம் எந்த முகவரியில் இருக்கு. மதர்போர்டில் இருக்கும் ஃபர்ம்வேர் இதையெல்லாம் ‘ஏசிபிஐ’ என்ற அட்டவணைகளில் எழுதிக் கொடுக்கும்.

கிளவுடில் மதர்போர்டே கற்பனைதான். ஒரு பெரிய சர்வரைப் பல மெய்நிகர் கம்ப்யூட்டர்களாகப் பிரித்துக் கொடுக்கும் ‘ஹைப்பர்வைசர்’ என்ற சாஃப்ட்வேர்தான் அட்டவணையைத் தயாரிக்கிறது. பரவலாகப் பயன்படும் க்யூஎமுவில் ‘எஃப்டபிள்யூ சிஎஃப்ஜி’ என்றொரு சின்னப் போலிச் சாதனம் உண்டு. விருந்தினர் இயந்திரத்தின் ஃபர்ம்வேர் அந்த ஜன்னல் வழியாக அட்டவணைகளை வாங்கி, ஆபரேட்டிங் சிஸ்டத்திடம் ஒப்படைக்கும். 2013 வரை இவற்றை விருந்தினரின் ஃபர்ம்வேரே கட்டிக்கொண்டிருந்தது. க்யூஎமுவில் ஒன்றை மாற்றினால் ஃபர்ம்வேரையும் மாற்ற வேண்டிய தலைவலி. அதனால் க்யூஎமு 1.7-ல் இருந்து அந்த வேலை ஹைப்பர்வைசர் பக்கம் போனது. அன்றைக்கு அது நல்ல முடிவு. ஹைப்பர்வைசரை யாரும் சந்தேகப்படாத காலம் அது.

இந்த விவரங்களில் பொய் கலப்பதும் புதிதல்ல. ஓடிக்கொண்டிருக்கும் மெய்நிகர் இயந்திரத்தைப் புது சர்வரிலிருந்து பழைய சர்வருக்கு மாற்ற வேண்டியிருக்கும் என்பதால், புது பிராசஸரின் சில வசதிகளை ஹைப்பர்வைசர் முன்கூட்டியே மறைத்து வைக்கும். யாருக்கும் நஷ்டமில்லாத பொய்.

சிக்கல் எங்கே?

ரகசிய மெய்நிகர் இயந்திரத்தின் அடிப்படையே ‘ஹைப்பர்வைசரை நம்பாதே’ என்பதுதான். ஏஎம்டியின் எஸ்இவி-எஸ்என்பி, இன்டெலின் டிடிஎக்ஸ் ஆகிய இரண்டும் விருந்தினரின் மெமரியை சிப் அளவிலேயே பூட்டிவிடுகின்றன. சர்வரின் சொந்தக்காரருக்கும் உள்ளே பார்க்க முடியாது. ஆனால், உள்ளே இருக்கும் லினக்ஸ் கண் விழித்ததும் “நான் எங்கே இருக்கேன்?” என்று கேட்பது அதே ஹைப்பர்வைசரிடம்! வாடகை வீட்டுக்குப் புதுப் பூட்டு வாங்கி மாட்டிவிட்டு, கதவுகள் எங்கெங்கே இருக்கின்றன என்று வீட்டுக்காரரிடமே கேட்பது மாதிரி.

ஏசிபிஐ வெறும் தகவலாக இருந்தால்கூடப் பரவாயில்லை. அதற்குள் ‘ஏஎம்எல்’ என்ற மொழியில் நிரலும் இருக்கும். மின்சாரத்தைக் கட்டுப்படுத்துவது, சாதனங்களைத் தட்டி எழுப்புவது போன்ற வேலைகளுக்காக வந்தது அது. அதை இயக்குவது விருந்தினரின் கர்னல். மெமரியின் ஒரு பகுதியைப் படி, எழுது என்றும் ஏஎம்எல் சொல்லலாம், கர்னல் கேட்டுக்கொள்ளும். வெளியிலிருந்து தொட முடியாத பூட்டிய மெமரியை, உள்ளே இருப்பவரின் கையைக் கொண்டே திறக்க வைக்கலாம் என்பதுதான் தாக்குதலின் சாரம். ஏஎம்எல் ஆபத்தானது என்பதை 2006-லேயே ‘பிளாக் ஹாட்’ மாநாட்டில் காட்டிவிட்டார்கள். அப்போது பேச்சு மதர்போர்டு பயோஸ் பற்றியது. 20 வருஷம் கழித்து அதே கதவு கிளவுடில் திறந்து கிடக்கிறது.

சிப் நிறுவனங்கள் சும்மா இருக்கவில்லை. பிராசஸரின் வசதிகளைச் சொல்லும் ‘சிபியுஐடி’ பட்டியலை, எஸ்இவி-எஸ்என்பியில் ஹைப்பர்வைசர் கொடுத்தாலும் ஏஎம்டியின் தனிப் பாதுகாப்பு பிராசஸர் சரிபார்த்த பிறகே உள்ளே விடும் வழி இருக்கிறது. ஏசிபிஐக்கு அப்படி ஒரு காவலாளி இல்லை. டிடிஎக்ஸில் ஃபர்ம்வேர் அந்த அட்டவணைகளின் கைரேகையை, அதாவது ஹாஷை, சிப்பில் பதிவு செய்கிறது. இது ‘தடுப்பது’ அல்ல, ‘குறித்து வைப்பது’ மட்டுமே. அந்தப் பதிவை வாடிக்கையாளர் எடுத்து ஒப்பிட்டால்தான் பலன். அதிலும் ஒரு வம்பு: பிராசஸர் எண்ணிக்கையை மாற்றினாலோ க்யூஎமு பதிப்பு மாறினாலோ அட்டவணையும் மாறும், ஹாஷும் மாறும். சரியான ஹாஷ் எது என்று கணிப்பதே தனி வேலை.

வழிகள் இல்லாமல் இல்லை. அட்டவணைகளை ஹைப்பர்வைசரிடம் வாங்காமல், அளவிடப்பட்ட ஃபர்ம்வேருக்குள்ளேயே நிரந்தரமாக வைத்துவிடலாம். அல்லது ஏஎம்எல் நிரல் விருந்தினரின் பூட்டிய மெமரியைத் தொடாதபடி கர்னலே வேலி போடலாம். முதல் வழியில் இயந்திரத்தின் அளவை இஷ்டப்படி மாற்றும் சவுகரியம் போய்விடும். இரண்டாவதுக்கு லினக்ஸ் கர்னலில் மாற்றம் வேண்டும்.

அதுவரை, நிறுவனத்தின் டேட்டாவை ‘கான்ஃபிடென்ஷியல்’ என்ற பெயரை நம்பி ஏற்றுபவர்கள் கிளவுட் நிறுவனத்திடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அட்டெஸ்டேஷன் அறிக்கையில் ஏசிபிஐ அட்டவணைகளும் அடங்குமா? ‘அடங்கும்’ என்று பதில் வந்தால், அந்த ஹாஷை ஒப்பிட்டுப் பார்ப்பது யார் என்பதையும் சேர்த்தே கேட்டுவிடலாம்.