கம்பிக்கு மேல் எத்தனை மில்லிமீட்டர்?

அம்பத்தூரிலிருந்து ஆவடி வரை சி.டி.எச். சாலையோரச் சுவர் விளம்பரங்களை நம்பினால், துருப்பிடிக்காத கம்பி வாங்கியவர் வீட்டுக்கு அழிவே இல்லை. ஆனால் அதே பகுதியில் சன்ஷேடு பொரிந்து, கம்பி வெளியே தெரியும் வீடுகள் எத்தனை! கடல் பதினைந்து, இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது. உப்புக்காற்றின் மேல் பழிபோட முடியாது.

உப்பு போர்வெல் வழியாகவும் வரும். வாயில் வைக்க முடியாத தண்ணீரை, 'கலவைக்குத்தானே' என்று ஊற்றுகிறோம். கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456. வீடு கட்டுவோரில் எத்தனை பேர் சோதித்தோம்?

நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மை 12.5 பி.எச்.சுக்கு மேல் இருக்கும். அந்தக் காரம் இருக்கும்வரை கம்பியின் மேல் ஒரு மெல்லிய படலம் காவல் நிற்கும். குளோரைடு அதைத் துளைக்கும். காற்றிலுள்ள கரியமில வாயுவோ மேலிருந்து மெல்ல இறங்கிக் காரத்தையே குறைத்துவிடும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். காரை பெயர்வது அதனால்தான்.

கரியமில வாயு இறங்கும் ஆழம், காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தே கூடும். ஆகவே கம்பியை மூடும் கான்கிரீட், அதாவது கவர், 20 மி.மீ. இருக்க வேண்டிய தளத்தில் 10 மி.மீ. விட்டால், ஆயுள் பாதியாவதில்லை, கால்வாசியாகிறது. கவர் பிளாக்குக்குப் பதில் உடைந்த ஜல்லியைச் செருகும்போது போவது இதுதான். ஏழு நாள் தண்ணீர் காட்டாமல் மூன்றாம் நாளே நிறுத்தினால், மேல்தோல் நுண்துளைகளோடு நின்றுவிடும். வாயுவுக்கு வழி இன்னும் எளிது.

பூச்சுக் கம்பி வீண் என்று சொல்லவில்லை. ஆனால் அமெரிக்காவின் ஃப்ளோரிடா கீஸ் பாலங்களில் எபாக்சி பூசிய கம்பிகளே சில ஆண்டுகளில் அரிக்கப்பட்டது 1980களில் தெரியவந்தது. நம் தெருவில் கம்பியைத் தார்ச்சாலையில் இழுத்து வந்து, வளைத்து, மிதித்துக் கட்டுகிறார்கள். பூச்சு எங்கே மிஞ்சும்?

தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்றின் பேரில் உடனடி அனுமதி கிடைக்கிறது. அலைச்சல் குறைந்தது நல்லதே. ஆனால் கவரையும் தண்ணீரையும் பார்க்கும் பொறுப்பு முழுக்க வீட்டுக்காரர் தலையில் வந்துவிட்டது. அனுமதிக் கடிதத்தோடு தண்ணீர்ச் சோதனைச் சீட்டையும், கான்கிரீட் போடுமுன் எடுத்த கம்பிக்கட்டின் படத்தையும் இணையத்தில் ஏற்றச் சொல்ல அரசுக்கு ஒரு உத்தரவு போதும். அதுவரை, தளம் போடும் அன்று காலையில் மேஸ்திரி வருமுன்னே ஸ்கேலோடு மாடியேறுங்கள்.