பட்டறையில் பாட்டு

லேத் பட்டறையில் பாட்டு ஒலிக்கட்டும். வேலையில் அலுப்புத் தட்டாது. ஆனால், இயந்திர இரைச்சலை மீற வேண்டுமென்று பெரிய ஒலிபெருக்கியை மாட்டுவதை நான் ஏற்கமாட்டேன். 90 டெசிபல் இரைச்சலோடு 90 டெசிபல் பாட்டும் சேர்ந்தால் 93 டெசிபல் ஆகும். என்ன, மூன்றுதானே என்கிறீர்களா? காதில் விழும் ஒலி ஆற்றல் இருமடங்காகிவிட்டது! மனிதனின் உட்செவியிலுள்ள மயிர்ச் செல்கள் அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

முதலில் இயந்திரத்தைக் கவனிக்க வேண்டும். தளர்ந்த மூடிகளை முடுக்கி, பல்சக்கரங்களுக்கு எண்ணெயிட்டு, அடியில் ரப்பர் கட்டைகள் வைத்தால் இரைச்சல் தணியும். பிறகு, வேலை செய்பவர் அருகில் சிறிய ஒலிபெருக்கியே போதும். அதற்கு மெல்லிய துணியுறை அவசியம். இல்லாவிட்டால் பறக்கும் இரும்புத்தூளை அதன் காந்தம் இழுத்துக்கொள்ளும், உள்ளே கம்பிச்சுருள் உரசும், பாட்டு கரகரக்கும். பழி பாடகர்மேல் விழும்!