தலையை எண்ணாமல் வைத்தியம் ஏது?

ஆயிரம் குழந்தைகள் பிறந்தால் ஒரு வயதுக்குள் இறப்பது 2019-க்குள் 28 ஆகக் குறைய வேண்டும் என்று 2017 தேசிய சுகாதாரக் கொள்கை இலக்கு வைத்தது. மாதிரிப் பதிவுக் கணக்குப்படி 2019-ல் 30, 2020-ல்தான் 28. ஓராண்டு தாமதம் என்றாலும் பாராட்டலாம். ஆனால் அதே 2020-ல் கேரளத்தில் 6, மத்தியப் பிரதேசத்தில் 43! தேசத்தின் சராசரி தேறியது; மாநிலம் தேறவில்லை. கணக்கு இருந்ததால்தான் இந்தக் குறையே தெரிந்தது.

பிழைக்க வந்த நாம் எந்தக் கணக்கில் இருக்கிறோம்? நாடு முழுதும் தலை எண்ணியது 2011-ல். 2021-ல் நடக்க வேண்டியது 2027-க்குத் தள்ளிப்போனது. நகரில் 50,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது அரசின் அளவுகோல். 2011-க்குப் பிறகு முளைத்த குடிசைப் பகுதியை எந்த 50,000-ல் சேர்ப்பது? காத்திருப்போர் பட்டியல் நீண்டால்தான் ரயிலில் கூடுதல் பெட்டி கேட்க முடியும். பெயரே கொடுக்காதவருக்காக யார் பெட்டி இணைப்பார்?

அரசு இனியும் தள்ளிப்போடக் கூடாது. நாமும் "ஊரில் ரேஷன் கார்டு இருக்கிறதே" என்று ஒதுங்கக் கூடாது. எண்ண வருகிறவரிடம் வசிக்கும் இடத்திலேயே பெயர் கொடுங்கள். பிறப்பையும் இறப்பையும் 21 நாட்களுக்குள் பதியுங்கள். கணக்கில் வராதவருக்காக எந்த ஆஸ்பத்திரியிலும் கட்டில் போடமாட்டார்கள்.