படத்தில் இயேசு யார் என்று தேடுவதை விடுங்கள்

சபைகளில் சினிமாவை வைத்துப் பிரசங்கம் செய்வது இப்போ ரொம்ப சகஜமாயிடுச்சு. வாலிபர் கூட்டத்துல லைட்டை அணைச்சு ஒரு மூணு நிமிஷக் காட்சி ஓட்டுவாங்க. லைட் வந்ததும் கேள்வி வரும்: "இந்தக் கதையில இயேசு யாரு?" யாராவது கை தூக்குவாங்க. செத்துப் பிழைச்சவர் யாரோ அவர்தான் விடை. கடைசிக் காட்சியில ரெண்டு கையையும் விரிச்சு நின்னுட்டா சந்தேகமே வேண்டாம் :-)

சினிமா பார்ப்பதே பாவம் என்று சொல்லும் பெரியவர்கள் நம்ம ஊர் சபைகளில் இன்னும் உண்டு. அந்தச் சண்டைக்கு நான் வரலை. படத்தில் விசுவாசப் பாடம் தேடுவது நல்ல விஷயம்தான். ஆனா "இயேசு யாரு" என்ற கேள்வி நம்மைச் சுலபமா தப்பிக்க விட்டுடுது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆக்லாந்தில் இதைப் பேச ஒரு காரணம் இருக்கு. 2023 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நியூசிலாந்துக்காரர்களில் பாதிக்கு மேல், 51.6 சதவீதம் பேர், மதம் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இங்கே பக்கத்து சீட்டுக்காரரிடம் "கெட்ட குமாரன்" என்றால் எந்தக் கதை என்று தெரியாமல் போகலாம். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' என்றால் தெரியும். அது அவங்க ஊர்ப் படம். ஹாபிட்டன் செட் போட்ட மாடமாட்டா, ஆக்லாந்திலிருந்து காரில் சுமார் ரெண்டு மணி நேரம். நார்னியா வரிசையின் முதல் படத்தை (2005) இயக்கிய ஆண்ட்ரூ ஆடம்சன் ஆக்லாந்தில் பிறந்தவர். அதனால ரெண்டு படமும் இங்கே சபைகளுக்குக் கையில் கிடைச்ச வரம் மாதிரி.

முதலில் மோதிரக் கதை. வழக்கமான பிரசங்கம் இப்படிப் போகும்: கேண்டால்ஃப் செத்து வெள்ளை உடையில் திரும்பி வருகிறார், அது உயிர்த்தெழுதல். அரகார்ன் வரப்போகும் ராஜா. ஃப்ரோடோ சுமக்கும் மோதிரம் சிலுவை. டோல்கீன் தீவிரக் கத்தோலிக்கர் என்பதால் இது ஆதாரமில்லாத பேச்சும் இல்லை. தன் கதை அடிப்படையில் சமயம் சார்ந்தது என்று ஒரு பாதிரியாருக்கு 1953-ல் கடிதம் எழுதியிருக்கிறார். மோதிரம் அழியும் நாளாக அவர் வைத்தது மார்ச் 25. மரியாளுக்குத் தேவதூதன் சேதி சொன்னதாகத் திருச்சபை கொண்டாடும் அதே நாள். ஆனா இதுக்கு இது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் உருவகக் கதையே எனக்குப் பிடிக்காது என்றும் அதே மனுஷர் முன்னுரையில் எழுதி வைத்திருக்கிறார். அதை யாரும் பிரசங்கத்தில் சொல்வதில்லை!

இந்தப் பட்டியலில் விடுபட்டுப் போவது கதையின் உச்சம். எரிமலை விளிம்புக்கு வந்த ஃப்ரோடோ தோத்துப் போகிறான். மோதிரத்தைப் போட மாட்டேன், இது என்னுது என்கிறான். இயேசு சிலுவையைத் தூக்கிப் போட்டுட்டுப் போகலையே? அப்போ ஒப்பீடு அங்கேயே உடையுது. மோதிரம் அழிவது கோல்லமால். அந்தக் கேடுகெட்ட ஜென்மத்தைக் கொல்ல முதலில் பில்போவுக்கு, அப்புறம் ஃப்ரோடோவுக்கு வாய்ப்புக் கிடைத்தும் இரக்கப்பட்டு விட்டார்களே, அதனால்தான் அவன் அங்கே உயிரோடு இருக்கிறான். புத்தகத்தில் கோல்லம் மோதிரத்தைப் பறித்த சந்தோஷத்தில் கால் தவறித் தானே விழுகிறான். பீட்டர் ஜாக்சன் தன் 2003 படத்தில் இதை மாற்றி, ஃப்ரோடோ அவனோடு கட்டிப் புரண்டு சண்டை போட வைத்தார். எப்படிப் பார்த்தாலும் ஃப்ரோடோவின் மனவுறுதி உலகத்தைக் காப்பாத்தலை. என்றைக்கோ காட்டிய இரக்கம் காப்பாத்துச்சு. நம்ம பலம் தீர்ந்துபோன இடத்தில் வேலை செய்வதைத்தானே கிருபை என்கிறோம்? "நான் ஃப்ரோடோ, நானும் கடைசி அடியில் தோற்பவன்" என்று உட்கார்ந்து பார்த்தால்தான் அது புரியும்.

நார்னியாவிலும் இதே கதைதான். அஸ்லான் என்ற சிங்கம் இயேசு என்று ஞாயிறு பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிடும். சி. எஸ். லூயிஸ் மறைக்கவே இல்லை. ஆனா சிங்கம் யாருக்காகச் செத்துச்சு? எட்மண்டுக்காக. மிட்டாய்க்கு ஆசைப்பட்டு, கூடப் பிறந்தவர்களைச் சூனியக்காரியிடம் காட்டிக் கொடுத்த பையன். கல் மேஜையில் சிங்கத்தைக் கட்டிப் போடும் காட்சியில் நமக்குக் கண் கலங்குது. சிங்கத்துக்காக அழுவது சுலபம். அந்தப் பையன் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை.

இது நான் கண்டுபிடிச்ச முறை இல்லைங்க. வேதாகமத்திலேயே இருக்கு. தாவீது உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு உரியாவையும் போரில் சாகவிட்ட பிறகு நாத்தான் தீர்க்கதரிசி வந்து ஒரு கதை சொல்கிறார். ஆடுமாடு நிறைய வைத்திருந்த பணக்காரன், ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடித்து விருந்து வைத்த கதை. தாவீதுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருது. அந்தப் பணக்காரன் நீதான் என்று முடிக்கிறார் நாத்தான். "இந்தக் கதையில் கடவுள் யார், சொல்லுங்க ராஜா" என்று அவர் கேட்டிருந்தால் தாவீது சரியான பதில் சொல்லி, பாராட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். நல்ல சமாரியன் உவமையிலும் பாருங்க, அடிபட்டவனைக் கண்டும் விலகிப் போகிற ரெண்டு பேர் ஆசாரியனும் லேவியனும். கோயில் வேலை பார்க்கிறவங்க!

இனி நம்ம ஊருக்கு வருவோம். 1950-ல் 'ஏழை படும் பாடு' என்று ஒரு படம் வந்தது. விக்டர் ஹியூகோவின் 'லே மிசராப்ளே' நாவல்தான் மூலம். நாகையா கதாநாயகன். திருட வந்தவனுக்கு வெள்ளிச் சாமானைக் கொடுத்து அனுப்பும் பாதிரியாரைத்தான் பிரசங்கத்தில் எல்லாரும் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனா அதே படம் தமிழ் சினிமாவுக்கு இன்னொருத்தரையும் கொடுத்தது. விடாமல் துரத்தும் போலீஸ் அதிகாரியாக நடித்த சீதாராமனுக்கு ஆயுசு முழுக்க 'ஜாவர்' சீதாராமன் என்றே பேர் நிலைத்துவிட்டது. நாவலின் ஜாவர் கெட்டவன் இல்லை. லஞ்சம் வாங்காதவன், கடமை தவறாதவன். ஒரு குற்றவாளி தன்னை மன்னித்து விட்டுவிட்டான் என்பதைத்தான் அவனால் தாங்க முடியலை. ஒழுங்காக ஆலயத்துக்குப் போய், காணிக்கை போட்டு, பேர் கெடாமல் வளர்ந்த நம்மைப் போன்றவர்கள் பாதிரியார் பக்கம் இருப்பதாக நினைச்சுக்கிறோம். எனக்கென்னவோ நாம ஜாவர் பக்கத்து பெஞ்சில் இருக்கோம்னுதான் தோணுது.

கடைசியா 'அன்பே சிவம்' (2003). வெளிவந்தபோது ஓடாமல், பிறகு டிவியில் பார்த்துப் பார்த்து ஜனங்கள் கொண்டாடிய படம். விபத்தில் உருக்குலைந்த கமலைக் கன்னியாஸ்திரிகள் பராமரிக்கிறார்கள். தன்னைக் கொல்ல அனுப்பப்பட்டவனையே அவர் மன்னிக்கிறார். "பாருங்க, கிறிஸ்துவின் சாயல்!" என்று உடனே எழுதிடலாம். ஆனா அந்தக் கதாபாத்திரம் கடைசிவரை கம்யூனிஸ்ட். அவரைப் பறித்து நம்ம கட்சியில் சேர்ப்பது நியாயமில்லை. அந்தக் கன்னியாஸ்திரிகள்கூட அப்படிச் செய்யவில்லை.

நமக்கான பாடம் நாசர் நடித்த கந்தசாமிப் படையாச்சியிடம் இருக்கு. வாய் திறந்தால் சிவநாமம். தொழிலாளிக்குக் கூலி கேட்டால் மட்டும் காது கேட்காது. சைவரைத்தானே கிண்டல் செய்கிறார்கள் என்று நாம சிரிக்கலாம். சிவன் பேரை எடுத்துட்டு இயேசு பேரை வச்சுப் பாருங்க, சிரிப்பு நின்னுடும். இங்கே வந்து கடையிலும் தோட்டத்திலும் வேலை பார்க்கும் மாணவர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் சட்டப்படியான கூலி கொடுக்காத முதலாளிகளால், அப்படிச் சுரண்டப்பட்டவர்களுக்கென்றே 2021 ஜூலையில் நியூசிலாந்து அரசு தனி விசா கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த முதலாளிகளில் ஞாயிற்றுக்கிழமை கை உயர்த்தித் துதிப்பவர் ஒருத்தர்கூட இல்லைன்னு நம்மால சத்தியம் பண்ண முடியுமா?

அதனால படம் போடுங்க, தாராளமா போடுங்க. லைட் வந்ததும் கேள்வியை மட்டும் மாத்துங்க: "இந்தக் கதையில நான் யாரு?" யாரும் உடனே கை தூக்க மாட்டாங்க. கொஞ்ச நேரம் அமைதியா இருக்கும். அவசரப்பட்டு அடுத்த பாட்டுக்குப் போயிடாதீங்க.