கரிசலில் காட்டுப்பன்றி

வேம்பாருக்கு மேற்கே விளாத்திகுளம், புதூர், எட்டயபுரம் பக்கம் மக்காச்சோளம் போட்டவர்களிடம் பேசிப் பாருங்கள். மழை, விலை எல்லாம் அப்புறம்தான். முதல் கேள்வி, "உங்க பக்கம் பன்னி வந்துட்டா?" என்பதாகத்தான் இருக்கும்.

காட்டுப்பன்றியை மலையடிவாரத்துப் பிராணி என்றுதான் நமக்குத் தெரியும். தினைப்புனத்தில் பரண் கட்டி, ராத்திரி முழுக்கக் காவல் காத்தது குறிஞ்சி நிலத்துப் பாடு. கரிசல் சீமையிலோ 'காட்டுக்குப் போறேன்' என்றால் விளைநிலத்துக்குப் போகிறேன் என்று அர்த்தம். அந்தக் காட்டுக்கு இப்போது நிஜக் காட்டு விலங்கே வந்துவிட்டது.

எப்படி வந்தது? வழி போட்டுக் கொடுத்தது நாம்தான். பருத்தியும் கம்பும் விளைந்த நிலங்களில் மக்காச்சோளம் பரவியது. ஆள் உயரத்துக்கு வளரும் பயிர்; உள்ளே ஒரு கூட்டமே நின்றாலும் வரப்பிலிருந்து தெரியாது. ராத்திரி சாப்பாட்டுக்கு அது போதும். பகலில் படுக்க, ஓடைக்கரையிலும் கண்மாயிலும் வைப்பாற்றுப் படுகையிலும் அடர்ந்து கிடக்கிறது சீமைக்கருவேலம். புலி, சிறுத்தை பயமும் இங்கே இல்லை. நான்கு மாதத்துக்கும் குறைவான சினைக்காலம், ஒரு ஈற்றில் நான்கு முதல் ஆறு குட்டிகள். பெருகாமல் என்ன செய்யும்?

புது இடத்துக்கு ஒரு விலங்கு வந்தால் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதம் எங்கும் ஒன்றுதான். அமெரிக்காவின் மான்டானாவில் கிரிஸ்லி கரடிகள் மலையை விட்டிறங்கி, பல தலைமுறையாகக் கரடியையே பார்க்காத புல்வெளிப் பண்ணைகளுக்கு வருகின்றன. அங்கேயும் ஒருவருக்கு ஆச்சரியம், ஒருவருக்கு பயம், கன்றுக்குட்டியைப் பறிகொடுத்தவருக்கு ஆத்திரம். நம் ஊரிலும் முதல் நாள் வாட்ஸ்அப்பில் போட்டோ. கதிர் முற்றும்போது தூக்கம் போய்விடும். பன்றி தின்பதைவிடச் சாய்த்து மிதிப்பது அதிகம். கடன் வாங்கி விதைத்தவர் காலையில் போய்ப் பார்த்தால் வயிறு எரியும்.

அந்த வயிற்றெரிச்சலில்தான் சிலர் வேலிக் கம்பியில் திருட்டு மின்சாரத்தைக் கொடுக்கிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் சிக்கி மூன்று யானைகள் செத்தன, நிலத்துக்காரர் கைதானார். 2020-ல் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் வெடி வைத்த காயைக் கடித்து ஒரு கர்ப்பிணி யானை இறந்ததை நாடே பேசியது. அதுவும் பன்றிக்கு வைத்தது என்றுதான் சொல்லப்பட்டது.

நம் கரிசலில் யானை இல்லை. ஆனால் இருட்டோடு பனையேறப் போகிறவர் இருக்கிறார். ஆட்டை ஓட்டிப் போகும் பெரியவர், ஓடைப்பக்கம் ஒதுங்கும் பெண்கள், காலையில் சொந்த வேலியையே மறந்து கை வைக்கும் வீட்டுக்காரர் எல்லோரும் இருக்கிறார்கள். பன்றியா, பக்கத்து வீட்டுப் பிள்ளையா என்று மின்கம்பிக்குப் பார்க்கத் தெரியாது.

சட்டத்தில் வழி இருக்கிறது. காட்டுப்பன்றி வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. நாமாகக் கொல்ல முடியாது. ஆனால் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைப் பிடிக்கவோ சுடவோ கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் வனத்துறையினரே சுடலாம். கரிசல் கிராமங்கள் பலவும் இந்த மூன்றாவது வளையத்தில்தான் வரும்.

இந்த அறிவிப்பு காகிதத்தோடு நின்றுவிடாமல் இருக்க, விவசாயி தனி ஆளாக அலையக் கூடாது. பயிர் சேதமானால் அன்றைக்கே போட்டோ எடுங்கள். தேதி, சர்வே எண், எவ்வளவு பரப்பு என்று எழுதி, நாலு பேராகச் சேர்ந்து கிராம நிர்வாக அலுவலரிடமும் வனத்துறையிடமும் மனுக் கொடுங்கள். இழப்பீடு கேட்கவும் அதுதான் ஆதாரம். ஊர்க் கண்மாயில் கருவேலத்தை எடுக்க கிராம சபையில் கேளுங்கள். படுக்க இடம் இல்லாவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

நேரில் பார்த்தால் விரட்ட வேண்டாம், செல்ஃபியும் வேண்டாம். குட்டியோடு இருக்கும் தாய்ப்பன்றியும் அடிபட்ட பன்றியும் திரும்பிப் பாயும். அது ஓடுவதற்கு வழிவிட்டு, சத்தமில்லாமல் பின்வாங்குங்கள்.

மக்காச்சோளம் போனால் அடுத்த புரட்டாசிக்கு மறுபடி விதைக்கலாம். உங்கள் வேலியில் ஒரு உயிர் போனால் அதை எந்தப் பட்டத்தில் விதைப்பது?